கழுதையை மாற்றினால் தீராது: கோவேறு கழுதை வளர்ப்பவருக்கு ஒரு கால்நடை மருத்துவரின் பதில்

வாசகர் கேள்வி:

என்னிடம் இரண்டு பெண் குதிரைகள் இருக்கின்றன. மூத்ததுக்கு 14 வயது, ரொம்ப சாது. அதைக் கழுதையோடு சேர்த்து முதலில் பிறந்த ஆண் கோவேறு கழுதைக்கு இப்போது 3 வயது, பொதி சுமக்கிறது. இரண்டாவது குட்டி நன்றாகத்தான் பிறந்தது, எழுந்து பால் குடித்தது, மூன்றாம் நாள் கண்ணெல்லாம் மஞ்சளாகிச் செத்துவிட்டது. கழுதையிடம்தான் கோளாறு என்று அதை விற்றுவிட்டு வேறொரு ஆண் கழுதை வாங்கியிருக்கிறேன். மூத்த குதிரைக்கும் இனி ராசியில்லை என்று இந்த முறை இளையதைச் சேர்க்கலாமென்று இருக்கிறேன். அதற்கு 7 வயது, கடிக்கும், உதைக்கும், சவாரிக்கு ஆகாது, குட்டியாவது போடட்டுமே. ஆனால் புதுக் கழுதை குதிரையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறது. இன்னொன்று, அந்த 3 வயது கோவேறு கழுதை மரப்பாலத்தைக் கண்டால் நின்றுவிடுகிறது, அடித்தாலும் மூன்று பேர் சேர்ந்து இழுத்தாலும் நகராது. இது பிறவிப் பிடிவாதமா? மலடுதானே என்று அதைக் காயடிக்கவில்லை, ஆனால் சில கோவேறு கழுதைகள் குட்டி போடும் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?

பதில்:

செத்துப்போன குட்டியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கழுதையை விற்றது, மூத்த குதிரையை ஒதுக்கியது, இளையதைச் சேர்க்க நினைப்பது எல்லாமே அந்த மூன்று நாளிலிருந்து வந்தவை, அந்த மூன்று நாளை நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

குட்டியை நான் பார்க்கவில்லை, அதன் ரத்தத்தை யாரும் பரிசோதிக்கவும் இல்லை, அதனால் இதுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட முடியாது. தொப்புள் வழியாக நுழைந்த கிருமியாகவும் இருக்கலாம். ஆனால் முதல் குட்டி நன்றாக இருக்கிறது, இரண்டாவது திடமாகப் பிறந்து எழுந்து பால் குடித்திருக்கிறது, குடித்த பிறகுதான் சோர்ந்து, மஞ்சளாகி, மூன்றாம் நாள் போயிருக்கிறது. இந்த வரிசையைக் கேட்டாலே கோவேறு கழுதைகளைப் பார்த்துப் பழகிய எந்த மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: தாயின் சீம்பாலே குட்டியின் ரத்தத்தை அழித்திருக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். கழுதைகளின் சிவப்பணுக்களில் ஓர் அடையாளம் இருக்கிறது, குதிரைகளிடம் அது கிடையாது. கழுதைக் காரணி என்று அதைச் சொல்வோம். கழுதைக்குப் பிறக்கும் குட்டி அதைத் தகப்பனிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. சினையில் இருக்கும்போதோ, பெரும்பாலும் ஈனும்போதோ, குட்டியின் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலந்துவிட்டால், தாயின் உடம்பு அதை அந்நியமாகப் பார்த்து எதிர்ப்புப் பொருள் உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. முதல் குட்டி அதற்குள் பிறந்து பாலும் குடித்து முடித்திருக்கும், அதற்கு ஒன்றும் ஆகாது. அடுத்த சினையில் எதிர்ப்புப் பொருள் ஏறிக்கொண்டே போகும். குதிரையின் நஞ்சுக்கொடி அதைக் குட்டிக்குக் கடத்தாது, அதனால் குட்டி வயிற்றுக்குள் இருக்கும்வரை பத்திரம், பிறக்கும்போதும் ஜம்மென்று இருக்கும். ஆனால் எதிர்ப்புப் பொருள் முழுக்கச் சீம்பாலில் வந்து தேங்கியிருக்கிறது. வேறெந்தக் குட்டிக்கும் உயிர் கொடுக்கிற அந்தப் பாலே இந்தக் குட்டியின் சிவப்பணுவை உடைக்கிறது. சில மணி நேரத்திலிருந்து நாலைந்து நாளுக்குள் சோர்வு, வேகமான மூச்சு, மஞ்சள் காமாலை, சில சமயம் காபி நிறத்தில் சிறுநீர், அப்புறம் சாவு.

குதிரைக் குட்டிகளிலும் இந்த நோய் உண்டு, ஆனால் அங்கே 1 அல்லது 2 சதவீதம்தான். கோவேறு கழுதைக் குட்டிகளில் 10 சதவீதம் வரை பதிவாகியிருக்கிறது. காரணம் எளிது: குதிரைக்கும் குதிரைக்கும் ரத்த வகை ஒத்துப்போக வாய்ப்பு இருக்கிறது, குதிரைக்கும் கழுதைக்கும் இந்த விஷயத்தில் அந்த வாய்ப்பே இல்லை.

ஆக, நீங்கள் விற்ற கழுதை ஒரு தப்பும் செய்யவில்லை. கழுதைக் காரணி எல்லாக் கழுதையிடமும் இருப்பதால், புதிதாக வாங்கியதும் அதையேதான் கொடுக்கப் போகிறது. ஆண் குதிரையோடு சேர்த்தால் மூத்த குதிரைக்கு இந்தக் குறிப்பிட்ட ஆபத்து வராது, ஆனால் எந்தக் கழுதையோடு சேர்த்தாலும் வரும். அதற்காக அது உதவாத குதிரை என்று ஆகிவிடாது. முதல் 48 மணி நேரத்தை ஒழுங்காகக் கவனித்துக்கொண்டால் அது இன்னும் நல்ல குட்டிகள் போடும்.

என்ன செய்ய வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஈனும் ராத்திரியில் யோசிக்க நேரம் இருக்காது. ஈனுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு தாயின் ரத்தத்தையும் தகப்பன் கழுதையின் ரத்தத்தையும் எடுத்து ஒன்றோடொன்று கலந்து பார்க்கச் சொல்லுங்கள். தாயின் ரத்த நீர் கழுதையின் சிவப்பணுவைத் திரள வைத்தாலோ உடைத்தாலோ சந்தேகத்துக்கு இடமில்லை. பரிசோதனைக்கு வசதி இல்லாவிட்டால், ஏற்கெனவே ஒரு குட்டி இப்படிப் போன தாய் என்பதால், ஆபத்து இருப்பதாகவே வைத்துக்கொண்டு நடங்கள். பிறந்த உடனே, குட்டி எழுந்து மடியைத் தேடுவதற்கு முன்னால், வாய்க்கூடு போட்டுவிடுங்கள். தாயையும் குட்டியையும் பிரித்து வேறு இடத்தில் கட்ட வேண்டாம், அது வேறு சிக்கலில் போய் முடியும், தாய் குட்டியை ஏற்காமல் போகலாம். முகரட்டும், நக்கட்டும், பால் மட்டும் கூடாது.

சீம்பாலே இல்லாமல் குட்டியை விட்டுவிடவும் முடியாது, நோய்த்தொற்றில் போய்விடும். அதனால் இதுவரை கழுதைக்குச் சினையாகாத வேறொரு பெண் குதிரையின் சீம்பால் வேண்டும். குதிரைகள் ஈனும் பண்ணைகளில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் எடுத்து உறைய வைத்துத் தருவார்கள், உறைபெட்டியில் சுமார் ஒரு வருடம் தாங்கும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து உருக்குங்கள். கொதிக்கிற நீரில் போட்டால் நமக்கு வேண்டிய எதிர்ப்புச் சக்தி அழிந்துபோய் வெறும் பால்தான் மிஞ்சும். குட்டியின் எடையைப் பொறுத்து மொத்தம் 1 முதல் 2 லிட்டர், முதல் ஏழெட்டு மணி நேரத்துக்குள் தவணை தவணையாகப் போக வேண்டும். புட்டியில் குடிக்காவிட்டால் மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கொடுப்பார். நீங்களாக வாய்க்குள் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும், செய்யாதீர்கள். அப்புறம் குட்டிகளுக்கான பால்மா. இந்த நேரமெல்லாம் தாயின் மடியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கறந்து கொட்டிவிட வேண்டும், பார்க்க வயிறெரியும், பரவாயில்லை. 24 மணி நேரத்துக்குப் பிறகு குட்டியின் குடல் அந்த எதிர்ப்புப் பொருளை உறிஞ்சுவது அநேகமாக நின்றுவிடும், 36 முதல் 48 மணி நேரம் பொறுத்திருந்தால் இன்னும் நல்லது. குட்டியின் ரத்தத்தில் தாயின் பாலைக் கலந்து திரள்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாய்க்கூட்டைக் கழற்றிவிடலாம், அதன் பிறகு தாயிடமே குடிக்கட்டும்.

இதையெல்லாம் மீறி மஞ்சள் தெரிந்தால் குட்டியை நடக்கவோ ஓடவோ விடாமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தால் கழுதையின் ரத்தமோ அந்த 3 வயது அண்ணனின் ரத்தமோ கூடவே கூடாது, அவற்றின் சிவப்பணுவும் அதே வேகத்தில் உடையும். தாயின் சிவப்பணுவையே, ரத்த நீரை நீக்கிக் கழுவி ஏற்றுவதுதான் சிறந்தது. அது முடியாவிட்டால் கழுதையோடு ஒருபோதும் சேராத குதிரையின் ரத்தம்.

இப்போது எந்தக் குதிரையைச் சேர்ப்பது என்பது. இளையதை வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். 'வேறெதற்கும் ஆகாது, குட்டியாவது போடட்டுமே' என்று கோவேறு கழுதைக்கு மிச்சக் குதிரையைச் சேர்ப்பது பரவலான பழக்கம், கோவேறு கழுதைக்குக் கிடைத்திருக்கும் கெட்ட பெயரில் பாதி இதனால் வந்தது என்பது என் அபிப்பிராயம். குட்டியின் உயரத்திலும் உடல்கட்டிலும் தாய்க்குப் பெரிய பங்கு இருக்கிறது. பிரான்சில் புவாத்து பகுதியில் நூற்றாண்டுக் கணக்கில் இதை ஒரு தொழிலாகவே செய்தார்கள், முடி சடை சடையாகத் தொங்கும் பெரிய கழுதை ஒரு பக்கம், அதற்கென்றே வளர்த்த கனத்த வண்டிக்குதிரை மறுபக்கம், இரண்டையும் சேர்த்துப் பிறந்த கோவேறு கழுதைக்கு ஐரோப்பா முழுக்க கிராக்கி. இயந்திரம் வந்து அந்தத் தேவை போனதும் 1977-ல் எண்ணிப் பார்த்தபோது அந்தக் கழுதை இனத்தில் வெறும் 44 மிஞ்சியிருந்தன, பிறகுதான் காப்பாற்றினார்கள். நான் சொல்ல வந்தது, அவர்கள் தகப்பனைத் தேர்ந்தெடுத்த அதே கவனத்தோடு தாயையும் தேர்ந்தெடுத்தார்கள்.

குணத்துக்கும் அதே கதைதான், இன்னும் கூடுதலாகவே. தாயின் குணம் பிறப்பிலேயே கொஞ்சம் வருகிறது. மிச்சம், தாயின் பக்கத்திலேயே ஐந்தாறு மாதம் நின்று, மனிதன் வந்தால் தாய் என்ன செய்கிறது என்று பார்த்துப் பார்த்து வருகிறது. காதை மடக்கிப் பல்லைக் காட்டும் தாயிடம் வளரும் குட்டி மனிதனைப் பற்றி வேறென்ன கற்றுக்கொள்ளும்? குதிரை என்றால் பிற்பாடு பழக்கி ஓரளவு மாற்றலாம். கோவேறு கழுதை சின்ன வயதில் பதிந்ததை லேசில் விடாது, அதோடு அதன் உதை குதிரையின் உதை மாதிரி பின்னால் மட்டும் போகாது, பக்கவாட்டிலும் வரும், குறியும் தப்பாது. பயந்த தாய்க்குப் பிறந்த, பலமான, எதையும் மறக்காத ஒரு விலங்கை 30, 40 வருடம் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவு காலம் அவை வாழும். இளைய குதிரை ஏன் அப்படி இருக்கிறது என்பதைத் தனியாகப் பாருங்கள். பல், முதுகு, வயிற்றுப்புண், சினைப்பை எல்லாவற்றையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். கடிக்கிற குதிரைகளில் சிலது வலியால் கடிக்கிறது.

புதுக் கழுதை விஷயம். இது கழுதைக் கூட்டத்திலேயே வளர்ந்ததா என்று நீங்கள் எழுதவில்லை, பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். கழுதைக்குக் குதிரை வேறு இனம், பெண் கழுதைகளோடு பழகி வளர்ந்த ஆண் கழுதைக்குப் பெண் குதிரை பருவத்தில் இருப்பது ஒரு செய்தியே இல்லை. உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை இது. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனுக்கு, அவர் ஜனாதிபதி ஆவதற்கு முன்னால், 1785-ல் ஸ்பெயின் அரசர் மூன்றாம் சார்லஸ் ஓர் ஆண் கழுதையைப் பரிசாக அனுப்பினார். 'ராயல் கிஃப்ட்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். கடல் தாண்டி வந்த அந்த ராஜ கழுதை அடுத்த வசந்தத்தில் அவருடைய பெண் குதிரைகளைக் கண்டுகொள்ளவே இல்லை, வாஷிங்டன் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் இதைச் சொல்லி அலுத்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் பெண் கழுதையைக் கொண்டுவந்து காட்டி அதன் ஆசையைக் கிளப்பிவிட்டுத்தான் காரியத்தை நடத்தினார்கள்.

நீங்களும் அதைத்தான் செய்யப் போகிறீர்கள். பருவத்தில் இருக்கும் ஒரு பெண் கழுதையை வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்துங்கள், கழுதை தயாரானதும் குதிரையிடம் கொண்டுவாருங்கள். அந்தப் பெண் கழுதையோடு சேர மட்டும் விடாதீர்கள், அந்த ருசி கண்டால் குதிரைப் பக்கம் வருவது இன்னும் கஷ்டம். மற்ற நேரங்களில் அதன் கொட்டடியைக் குதிரைகளுக்குப் பக்கத்திலேயே வையுங்கள், மூத்த குதிரைக்கும் கழுதைச் சத்தம் பழகும். அப்புறம் பொறுமை. ஆண் குதிரை வந்த வேகத்தில் வேலையை முடித்துவிட்டுப் போகும், கழுதை அப்படி இல்லை, அரை மணி நேரம்கூட நின்று முகர்ந்து, உதட்டைச் சுருட்டி, கொஞ்ச தூரம் போய்க் கத்திவிட்டுத்தான் திரும்பி வரும். அந்த நேரத்தில் அதட்டினால் அன்றைய நாள் போச்சு. கழுதை உயரம் குறைவு என்றால் குதிரையைச் சற்றுப் பள்ளத்தில் நிறுத்தினால் போதும். குதிரையின் பருவச் சுழற்சி 21 நாள், அதில் பருவம் ஐந்திலிருந்து ஏழு நாள், கருமுட்டை வெளிவருவது கடைசி ஒன்று இரண்டு நாளில். இரண்டாம் நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் சேருங்கள். 14 முதல் 16 நாளுக்குள் ஸ்கேன் பார்த்து இரட்டைக் கரு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள், குதிரைக்கு இரட்டை அநேகமாக நிற்காது. சினைக்காலம் குதிரைக்கு 11 மாதம், கழுதைக்கு 12, கோவேறு கழுதைக் குட்டி என்றால் குதிரைக் கணக்கைவிடச் சில நாள் கூடலாம், பயப்பட வேண்டாம்.

பல சுழற்சி முயன்றும் அது குதிரையைச் சீண்டவில்லை என்றால், அது வேறு வேலைக்கான கழுதை என்று விட்டுவிடுங்கள். அடுத்த முறை வாங்கும்போது, பால் மறந்த நாளிலிருந்து குதிரைக் குட்டிகளோடு சேர்ந்து வளர்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள். இதற்கென்று கழுதை வளர்ப்பவர்கள் அப்படித்தான் வளர்ப்பார்கள்.

சரி, பாலத்தில் நிற்கும் பிள்ளைக்கு வருவோம். பிடிவாதம் என்ற வார்த்தையைக் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கிவைத்துவிட்டு இப்படி யோசித்துப் பாருங்கள். குதிரை திறந்த புல்வெளியில் கூட்டமாக வாழ்ந்து வந்த விலங்கு, ஆபத்து என்று தோன்றினால் முதலில் ஓடும், அப்புறம்தான் என்னவென்று பார்க்கும். கழுதையின் மூதாதை வடகிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட கல்லாங்காட்டில், தீவனம் எட்டத்துக்கு ஒன்றாகக் கிடைக்கும் இடத்தில், தனியாகவோ இரண்டு மூன்றாகவோ திரிந்தது. அங்கே கண்மூடித்தனமாக ஓடினால் காலை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான், ஓடி ஒளிந்துகொள்ளப் பெரிய கூட்டமும் கிடையாது. அதனால் அது நிற்கும், பார்க்கும், முடிவு செய்யும். கோவேறு கழுதைக்குத் தாயின் பலமும் வேகமும் தகப்பனின் இந்த நின்று யோசிக்கும் புத்தியும் வருகிறது. இங்கிலாந்தில் ஓர் ஆய்வில் கோவேறு கழுதை, கழுதை, மட்டக்குதிரை மூன்றுக்கும் இரண்டு படங்களில் சரியானதைத் தேர்ந்தெடுத்தால் தீனி என்று பழக்கிப் பார்த்தார்கள், பெற்றோர் இரண்டு இனத்தையும் விடக் கோவேறு கழுதைதான் நன்றாகக் கற்றுக்கொண்டது.

மரப்பாலத்தை அதன் பக்கத்திலிருந்து பாருங்கள். மிதித்தால் உள்ளே வெற்றாக ஒலிக்கிறது, பலகை இடுக்கில் கீழே தண்ணீர் மின்னுகிறது, கொஞ்சம் ஆடவும் ஆடுகிறது. இதில் காலை வைக்கலாமா என்று அது யோசித்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து அடி விழுகிறது, முன்னால் மூன்று பேர் இழுக்கிறார்கள். அது என்ன முடிவுக்கு வரும்? பாலம் பொல்லாதது, அங்கே போனால் வலிக்கும் என்று. நீங்கள் அடித்த ஒவ்வொரு முறையும் அதன் சந்தேகத்தை நிரூபித்துக் கொடுத்திருக்கிறீர்கள். இழுத்து ஜெயிக்கவும் முடியாது, சில நூறு கிலோ எடையுள்ள பிராணி காலை ஊன்றி நின்றால் மூன்று பேர் எம்மாத்திரம்.

உங்களிடம் இதற்கான மருந்து கையிலேயே இருக்கிறது: அதன் தாய். கோவேறு கழுதைகள் பெண் குதிரையின் பின்னால் போவதில் அலாதி ஆசை உள்ளவை, மலைப்பாதையில் பொதி ஓட்டுபவர்கள் பல நாடுகளில் கழுத்தில் மணி கட்டிய ஒரு பெண் குதிரையை முன்னால் விட்டுத்தான் முழு வரிசையையும் நடத்தினார்கள், ராத்திரி மேய விட்டாலும் அந்த மணிச்சத்தத்தை விட்டு அகலாது. பொதி எதுவும் இல்லாத ஒரு நாளில், அவசரம் இல்லாத நேரத்தில், சாதுவான மூத்த குதிரையைப் பாலத்தில் முன்னால் நடத்துங்கள், இதைத் தளர்ந்த கயிற்றில் பின்னால் கொண்டுவாருங்கள். நின்றால் நிற்கட்டும், முகரட்டும், பலகையைக் காலால் தட்டிப் பார்க்கட்டும். கயிற்றை மெதுவாக இறுக்கிப் பிடியுங்கள், ஒரு அடி முன்னால் வைத்த அந்த நொடியிலேயே தளர்த்திவிடுங்கள். முன்னால் வந்தால் இறுக்கம் போகிறது என்பதுதான் பாடம், தளர்த்துவதில் தாமதமானால் பாடம் புரியாது. முதல் நாள் பாதிப் பாலத்தோடு திரும்பினாலும் சரிதான். ஒருமுறை அது சம்மதித்துக் கடந்துவிட்டால் பிறகு ஒவ்வொரு நாளும் சண்டை போட வேண்டியிருக்காது.

அதற்கு முன்னால் இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள். குதிரையின் சேணத்தையே இதற்கும் போடுகிறீர்களா? கோவேறு கழுதையின் முதுகு குதிரையைவிட நேரானது, தோள்முடிச்சு தாழ்வு, குதிரைச் சேணம் இறக்கத்தில் முன்னால் வழுக்கி வந்து தோளைக் கிள்ளும், பின்தொடையைச் சுற்றி வரும் பட்டை இல்லாமல் பொதி ஏற்றவே கூடாது. பாலத்துக்கு முன்னால் இறக்கம் இருந்தால், அது நிற்பதற்குக் காரணம் பாலமே இல்லாமலும் இருக்கலாம். இரண்டாவது, 3 வயது என்பது இன்னும் பிள்ளைப் பருவம்தான், எலும்பு முற்றவில்லை. கையில் பிடித்து நடக்க, வெறும் சேணத்தோடு பழக இப்போது சரி, முழுப் பொதியை இன்னும் ஒன்றிரண்டு வருடம் தள்ளிப் போடுங்கள், அப்போதும் அதன் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கோவேறு கழுதை வலியை வெளியே காட்டிக்கொள்ளாது, குதிரை நொண்டுகிற வலியில் இது சும்மா நிற்கும், நாமும் அதைப் பிடிவாதம் என்போம்.

காயடிப்பதை இனியும் தள்ளிப்போடாதீர்கள். மலடு என்பது விந்தில் உயிரணு இல்லை என்பது மட்டும்தான், விரைகள் ஆண் ஹார்மோனைச் சுரந்துகொண்டுதான் இருக்கின்றன. காயடிக்காத ஆண் கோவேறு கழுதை பருவத்தில் இருக்கும் குதிரையைக் கண்டால் ஏறப் பார்க்கும், குறுக்கே வரும் ஆளைக் கடித்துத் தூக்கும், அதுவும் இப்போது நீங்கள் கொட்டடியில் சேர்க்கை வேலை தொடங்கப் போகிறீர்கள். பிறந்த ஆறேழு மாதத்திலிருந்தே செய்யலாம், 3 வயதிலும் செய்யலாம், ஆனால் பழகிப்போன முரட்டுத்தனம் மறைய சில மாதம் பிடிக்கும். செய்யும் மருத்துவரிடம் இது கோவேறு கழுதை என்பதை நினைவுபடுத்துங்கள். குதிரைக்குப் போடும் அளவு மயக்க மருந்து இதற்குப் பல சமயம் போதாது, சைலசின் மாதிரி மருந்துக்கு ஒன்றரை மடங்கு தேவைப்படும். ரத்தக்குழாயைக் கட்டிவிட்டு வெட்டுவது நல்லது, கழுதை ரத்தம் உள்ளவற்றில் கசிவு கூடுதல். தனுர்வாத ஊசி கட்டாயம். அறுவைக்குப் பிறகு தீனி எடுக்காமல் ஒரு நாள் நின்றால் 'தானாகத் தின்னும்' என்று விடாதீர்கள், பட்டினியும் பதற்றமும் சேர்ந்தால் கொழுப்பு ரத்தத்தில் ஏறி ஈரல் பழுதாகும், குண்டாக இருந்தால் இன்னும் சீக்கிரம். கோவேறு கழுதை அளவறிந்து தின்னும் என்று சொல்கிற பேச்சை நம்பித் தானியத்தைக் கொட்டாதீர்கள், குதிரையைவிடக் குறைந்த தீனியில் வாழக்கூடிய பிராணி அது, உலர்ந்த புல்லே அதற்குப் பெரிய விருந்து.

உங்கள் நண்பர் சொன்னது பொய் இல்லை, ஆனால் அதை நம்பி ஒரு திட்டமும் போட முடியாது. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, கோவேறு கழுதைக்கு 63. ஒற்றைப்படை என்பது மட்டுமல்ல, குதிரைப் பக்கத்துக் குரோமோசோமும் கழுதைப் பக்கத்ததும் அமைப்பிலேயே வேறு வேறு, முட்டையோ விந்தோ உருவாகும்போது அவை ஜோடி சேர முடியாமல் அந்த வேலை பாதியில் நின்றுவிடுகிறது. பெண்ணிடம் அபூர்வமாக ஒரு முட்டை தப்பிப் பிழைக்கும். அமெரிக்காவில் நெப்ராஸ்காவில் 1984-லும் கொலராடோவில் 2007-லும் பெண் கோவேறு கழுதை குட்டி போட்டது பரிசோதனையில் உறுதியாகியிருக்கிறது, விரல் விட்டு எண்ணக்கூடியவை இப்படிப்பட்ட சம்பவங்கள். உங்களிடம் இருப்பது ஆண், அதனிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். நல்ல கோவேறு கழுதையின் வாரிசு வேண்டுமென்றால் குளோனிங் முறையில் நகலெடுக்கத்தான் வேண்டும், 2003-ல் ஐடஹோ பல்கலைக்கழகத்தில் அதையும் செய்துவிட்டார்கள், குதிரைக் குடும்பத்தில் முதல் நகலே ஒரு கோவேறு கழுதைதான்.

ஆண் குதிரையைப் பெண் கழுதையோடு சேர்த்தால் என்ன என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்று தெரியும். ஹின்னி பிறக்கும், ஆனால் சினை பிடிப்பது குறைவு, உருவமும் பெரும்பாலும் சிறியது, பொதிக்கு ஆள் தேடுகிற உங்களுக்கு அதனால் லாபமில்லை.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது, மூத்த குதிரைக்கு ஒரு முழுப் பரிசோதனை. 14 வயதில் இன்னும் தாராளமாகச் சினையாகலாம், ஆனால் கருப்பையைச் சோதித்துவிட்டுச் சேருங்கள். ரத்தத்தையும் இப்போதே ஒருமுறை கழுதையின் ரத்தத்தோடு கலந்து பார்த்துவிடலாம். இப்போது எதிர்ப்புப் பொருள் தெரிந்தால் என் ஊகம் சரி. தெரியாவிட்டாலும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், சினையில் மறுபடி ஏறும், ஈனுவதற்கு முன்னால் இன்னொரு முறை பார்த்தே ஆக வேண்டும். முடிவு வந்ததும் குதிரையின் எடையோடு எழுதுங்கள், எவ்வளவு சீம்பால் சேர்த்துவைக்க வேண்டும், எந்த மணிக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.